ராமநாதபுரம் கரையில் ஒரு தனித்துவ விடுதி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபம், உச்சிப்புளி, கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி என்று கடலோரம் நிலம் வைத்திருப்பவர்களில் பலருக்குப் பத்துப் பன்னிரண்டு அறைகளோடு உயர்தர விடுதி ஒன்று கட்டும் எண்ணம் இருக்கிறது. பெரும்பாலும் அவர்கள் கைப்பேசியில் ஒரு படமும் இருக்கும். மாலத்தீவு, பாலி, துபாய் என்று எங்கோ எடுத்த படம். அதை இங்கே அப்படியே கட்டினால் இரண்டு கச்சான் (தென்மேற்குக் காற்று) பருவம் தாண்டுவதற்குள் என்ன ஆகும், உலகின் பேர்பெற்ற விடுதிகளிடமிருந்து உண்மையில் எதை எடுத்துக்கொள்ளலாம் என்பதற்கான பதில்கள் இவை.

சொகுசு விடுதிக்கும் டிசைன் ஹோட்டலுக்கும் என்ன வேறுபாடு?

சொகுசு என்பது வசதியின் அளவு. டிசைன் ஹோட்டல் என்பது வாசல் முதல் தேக்கரண்டி வரை ஒரே சிந்தனையில் உருவானது. 1960இல் கோபன்ஹேகனில் திறந்த எஸ்.ஏ.எஸ். ராயல் ஹோட்டலுக்குக் கட்டடத்தை மட்டுமல்ல, நாற்காலி, விளக்கு, கதவுப்பிடி, கரண்டி, முள் எல்லாவற்றையும் ஆர்னே ஜேக்கப்சன் என்ற ஒரே கட்டடக் கலைஞர் வடிவமைத்தார். 606ஆம் எண் அறையை இன்றும் அதே நிலையில் வைத்திருக்கிறார்கள். 1984இல் நியூயார்க்கில் வந்த மார்கன்ஸ் ஹோட்டலுக்குப் பிறகு, அளவில் சிறியதாக, தனக்கென ஒரு குணத்தோடு இருக்கும் விடுதிகளை உலகமே தேட ஆரம்பித்தது. பன்னிரண்டு அறை விடுதிக்கு அதனால்தான் வாய்ப்பு இருக்கிறது. நூறு அறை ஹோட்டலோடு பளிங்கிலும் சரவிளக்கிலும் போட்டி போட வேண்டியதில்லை.

பார்த்துப் படிக்க வேண்டிய விடுதிகள் எவை?

முதலில் இலங்கை. கடலுக்கு அந்தப் பக்கம், வெயிலும் மழையும் உப்பும் நமக்கு நெருக்கமானவை. இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த கண்டலம விடுதியை ஒரு முறையாவது போய்ப் பார்த்துவிடுங்கள். சிகிரியா குன்றின் அடிவாரத்திலேயே விடுதி வேண்டும் என்றுதான் அவரிடம் கேட்டார்கள். அவர் அந்த இடத்தை மறுத்து, தொலைவில் கண்டலம ஏரிக்கரைப் பாறையைத் தேர்ந்தெடுத்தார். குன்று இப்போது ஏரிக்கு அப்பால் தெரிகிறது. கட்டடம் தூண்களின் மேல் நிற்பதால் மழைநீர் அடியில் தன் பாட்டுக்கு ஓடுகிறது. முகப்பைக் கொடிகள் மூடிவிட்டன. அழகான இடத்தின் மேலேயே ஏறி உட்காராமல் அதைப் பார்க்கும் தூரத்தில் நிற்பது என்ற இந்த ஒரு பாடம் நம் கரைக்கு மிக முக்கியம்.

அவரே 1981இல் அகுங்கல்லவில் முடித்த கடலோர விடுதியில், வாசலில் நின்றால் முன்னால் நீச்சல்குளமும் அதற்கப்பால் கடலும் ஒரே நீர்ப்பரப்பாகத் தெரியும். மணலுக்குள் போய்க் கட்டாமலே கடலை வரவேற்பறைக்குள் கொண்டுவந்துவிட்டார்.

அடுத்து கனடாவின் ஃபோகோ தீவு விடுதி. 2013இல் திறந்தது, 29 அறைகள். 1992இல் காட் மீன்பிடிப்புக்கு அரசு தடை விதித்த பிறகு பிழைப்பு போன மீனவத் தீவு அது. விடுதியின் நாற்காலிகளும் மெத்தை விரிப்புகளும் தீவுக்காரர்கள் கையால் செய்தவை. மிஞ்சும் வருமானம் ஓர் அறக்கட்டளை வழியாகத் தீவுக்கே திரும்புகிறது. பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் கடலையே நம்பி வாழும் குடும்பங்களைப் பார்த்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டின் அருமை புரியும்.

பக்கத்தில் வேண்டும் என்றால் கானாடுகாத்தானில் ஒரு செட்டியார் தன் மகளுக்காகக் கட்டிய 'விசாலம்', காரைக்குடியில் 'பங்களா'. இரண்டுமே பழைய வீட்டின் முற்றத்தையும் தாழ்வாரத்தையும் கெடுக்காமல் அறைகளைப் பொருத்தியவை.

துபாயின் புர்ஜ் அல் அராப் போல என்று கேட்பவர்களுக்கு: அது 1999இல் கடலுக்குள் செயற்கைத் தீவு போட்டு எழுப்பியது. விடுதிக்காகக் கடலைத் தூர்க்க நம் கடலோரச் சட்டம் இடம் தராது.

பட்டா எங்கள் பெயரில் இருக்கிறது. அலை வந்து போகும் இடம் வரை கட்டலாம்தானே?

முடியாது. பட்டா உங்கள் உரிமையைச் சொல்கிறது, கட்டும் அனுமதியை அல்ல. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி, ஊர்ப்புறக் கரைகளில் உயர் அலைக் கோட்டிலிருந்து (பெருக்கில் கடல்நீர் ஏறும் எல்லை) 200 மீட்டர் வரை புதுக் கட்டடம் கூடாது. 2019 அறிவிக்கை, சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் ஊர்களில் இதை 50 மீட்டராகக் குறைத்தது. ஆனால் அந்த அறிவிக்கையின்படி வரைந்த கடலோர வரைபடம் ஒப்புதல் பெற்ற பிறகே அது செல்லும். உங்கள் புல எண் எந்த மண்டலத்தில் விழுகிறது என்பதை மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மைக் குழுவிடம் எழுத்தில் வாங்கிய பிறகு ஆர்க்கிடெக்டிடம் போங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்து, வரைபடக் கட்டணத்தை இரண்டு முறை கட்டுகிறார்கள்.

ஊர்ப்புறக் கடற்கரை விடுதிக்கான மற்ற வரம்புகள்: மனை குறைந்தது 0.4 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ ஓர் ஏக்கர். எல்லாத் தளங்களும் சேர்ந்த பரப்பு மனையில் 33 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது. ஓர் ஏக்கருக்கு இது சுமார் 14,300 சதுர அடி. கூரை முகடு வரை உயரம் 9 மீட்டர், இரண்டு தளம், அவ்வளவுதான். இரண்டு விடுதிகளுக்கு நடுவே கடலுக்குப் போகப் பொதுவழியாகக் குறைந்தது 20 மீட்டர் இடைவெளி விட வேண்டும். மணல்மேட்டைச் சமப்படுத்தக் கூடாது.

பனைக்கு மேல் உயராத இரண்டு தளமும் கடலிலிருந்து தள்ளி நிற்பதும் கெடுபிடியாகத் தோன்றலாம். ஆனால் அழகான இடத்திலிருந்து தள்ளி நிற்பதைக் கண்டலமவில் பாவா தானாகவே விரும்பிச் செய்தார்.

தனுஷ்கோடியில் இடம் கிடைக்குமா?

அங்கே கட்டும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். உயிருள்ள மணல்மேடுகளும் ஆமை முட்டையிடும் கரைகளும் சட்டத்தின் மிகக் கடுமையான முதல் பிரிவில் வருகின்றன. 2025இல் அங்கே பூநாரைச் சரணாலயமும் அறிவிக்கப்பட்டது. 1964 டிசம்பர் புயலில் ஊரே போன இடம் அது. விருந்தினரைக் காலையில் அழைத்துப் போய் வெயில் ஏறுமுன் திருப்பிக் கூட்டி வாருங்கள்.

ஆண்கடல் பக்கம் நல்லதா, பெண்கடல் பக்கமா?

தெற்கே மன்னார் வளைகுடா ஆண்கடல், வடக்கே பாக் விரிகுடா பெண்கடல் என்று நம் ஆட்கள் பிரித்தது அலையின் சுபாவத்தை வைத்து. விடுதிக்கு அதைவிடக் காற்றுதான் கணக்கு. மே முதல் செப்டம்பர் வரை கச்சான் தென்மேற்கிலிருந்து அடித்து, தெற்குக் கரை முழுக்க உப்புத் தூவலையும் மணலையும் கொண்டுவந்து கொட்டும். அப்போது வடக்குக் கரை குளம்போல் கிடக்கும். நவம்பர் முதல் ஜனவரி வரை வாடை வீசும்போது நிலைமை மாறிவிடும்.

ஆகவே கடலைப் பார்த்து ஒரே திண்ணை போதாது. கடல்முகத்தில் ஒன்று, கட்டடத்தின் மறைவில் உள்முற்றம் ஒன்று என இரண்டு உட்காருமிடம் வேண்டும். கச்சான் காலத்தில் கடல்முகத் திண்ணையில் வைத்த காப்பிக் கோப்பையில் பத்து நிமிடத்தில் மணல் படிந்திருக்கும். முற்றமே இல்லாத விடுதியில் அந்த ஐந்து மாதமும் விருந்தினர் ஏசி அறைக்குள்ளேயே அடைந்து கிடப்பார்கள்.

தண்ணீருக்கு என்ன செய்வது?

எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி இதுதான். அறைக்கு ஒரு நீச்சல்குளம் என்று வரைவதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

தேசியக் கட்டட விதித்தொகுப்பு ஐந்து நட்சத்திர விடுதிக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 320 லிட்டர் என்கிறது. 12 அறை, 24 பேர் என்றால் 7,680 லிட்டர். வேலையாட்கள் 20 பேருக்கு 45 வீதம் 900. அறுபது சதுர மீட்டர் குளத்திலிருந்து ஆவியாகிப் போவது நாளுக்கு 300 முதல் 400 லிட்டர். ஆக, தோட்டத்தைச் சேர்க்காமலே சுமார் 9,000 லிட்டர்.

மழை: மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மி.மீ. பெய்கிறது, பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில். 500 சதுர மீட்டர் கூரையில் விழுவதில் எண்பது விழுக்காட்டைப் பிடித்தால் 3,20,000 லிட்டர். 35 நாள் தேவை. ஆண்டு முழுக்கக் காணாது என்றாலும் குடிக்கவும் சமைக்கவும் இதைவிட நல்ல தண்ணீர் இந்தக் கரையில் கிடைக்காது.

நிலத்தடி நீர்: உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் எடுக்கவே கூடாது. 200 முதல் 500 மீட்டர் வரை நிலத்தடி நீர் வாரிய இசைவோடுதான் எடுக்கலாம். இதற்குக் காரணம் இருக்கிறது. தனுஷ்கோடிப் பக்கம் பெண்கள் மணலில் கை நீளத்துக்குப் பள்ளம் பறித்து, ஊறி வருவதைச் சிரட்டையால் மெல்ல மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். கடலுக்குக் கூப்பிடு தூரம், ஆனால் தண்ணீர் இனிக்கும். மழைநீர் இலேசானது என்பதால் மணலுக்குள் உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். மோட்டார் போட்டு மேலே ஓர் அடியை இறைத்தால் கீழிருந்து உப்பு நாற்பது அடி ஏறும். சிரட்டையில் மொண்டவர்கள் தலைமுறை தலைமுறையாக எடுத்த ஊற்றை ஆழ்துளைக் கிணறு சில கோடையில் கெடுத்துவிடும். கெடுவது உங்கள் கிணறு மட்டுமல்ல, பக்கத்துக் குடியிருப்பின் ஊற்றும்தான்.

கடல்நீர் ஆர்.ஓ.: சிறிய இயந்திரத்தில் 35 முதல் 40 விழுக்காடுதான் நல்ல நீராக வரும். 9,000 லிட்டருக்கு 24,000 லிட்டர் கடல்நீர் இழுக்க வேண்டும், 15,000 லிட்டர் கடும் உப்புநீர் மிஞ்சும். அதைக் கரையோரம் திறந்துவிட்டால் ஆழமில்லாத கடலில் கடற்புல்லும் பவளமும் சாகும். கழிவுநீரை எங்கே, எப்படி விடுவது என்பதற்கு அனுமதி பெற்ற ஏற்பாடு காகிதத்தில் இல்லாமல் இயந்திரத்துக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

இத்தனைக்கும் பிறகு கைக்குள் இருக்கும் வழி, தேவையைக் குறைப்பது. நிமிடத்துக்கு 8 லிட்டருக்கு மேல் போகாத ஷவர், குளித்த நீரைச் சுத்திகரித்துக் கழிப்பறைக்கும் செடிக்கும் விடுவது, புல்தரைக்குப் பதில் அடும்பும் பனையும், அறைக்கு ஒரு குளம் இல்லாமல் எல்லாருக்கும் ஒரே குளம்.

சில ஆண்டுகளிலேயே கான்கிரீட் வெடித்துக் கம்பி தெரிகிறதே, ஏன்?

கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியின் மேல் ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கியிருக்கும். உப்பிலுள்ள குளோரைடு உள்ளே இறங்கி அந்தப் படலத்தை உடைக்கிறது. துரு கம்பியைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அதனால் உள்ளிருந்தே பிளக்கிறது.

கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநெறி ஐ.எஸ். 456இன்படி கடலோரச் சூழலுக்குக் குறைந்தது எம்30 வலிமைத் தரக் கலவை, நீர்–சிமெண்ட் விகிதம் 0.45க்குள், கம்பிக்கு மேல் 45 மி.மீ. காப்பு. உப்புத் தூவல் நேரடியாகப் படும் பகுதிக்கு எம்35, 50 மி.மீ. சிமெண்ட், கசடு கலந்த ஸ்லாக் சிமெண்டாக இருப்பது நல்லது. அது குளோரைடு இறங்குவதைத் தாமதப்படுத்தும்.

இவை வரைபடத்தில் சரியாகத்தான் இருக்கும். கோளாறு களத்தில் நடக்கிறது. கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் கவர் பிளாக் தீர்ந்ததும் ஜல்லித் துண்டைக் கம்பிக்கு அடியில் செருகுவார்கள். கான்கிரீட் போடும்போது ஆள் மிதித்ததும் அது நழுவி, 45 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 15 ஆகிவிடும். அதே தரக் கலவையில் கவர் பிளாக்கை முந்தின மாதமே வார்த்து, தண்ணீரில் ஊறப்போட்டு, எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது தவறு, கலவைக்கு மட்டும் நல்ல தண்ணீர் வாங்கிவிட்டு, நீராற்ற உப்புக் கிணற்றுத் தண்ணீரை அடிப்பது. கம்பிக் கான்கிரீட்டுக்கான நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது, நீராற்றவும் அதே தண்ணீர்தான். கடல்மணல் கலவையிலோ பூச்சிலோ ஒரு கூடைகூட வேண்டாம்.

ஆத்தங்குடிக் கல்லும் சுண்ணாம்புப் பூச்சும் கடலோரம் தாங்குமா?

சுண்ணாம்பு தாங்கும், சிமெண்ட் பூச்சைவிட நன்றாகவே. சுவருக்குள் உப்பு ஈரம் எப்படியும் ஏறும். சிமெண்ட் பூச்சு அந்த ஈரத்தை அடைத்துவைக்க, உப்பு அதன் முதுகில் படிகமாகி வளர்ந்து பூச்சைத் தகடு தகடாகத் தள்ளிவிடும். சுண்ணாம்பு மூச்சுவிடும். ஈரம் வெளியேறி உப்பு மேலே பூக்கும், துடைத்துவிடலாம். நீற்றிய சுண்ணாம்பு ஒன்றுக்கு ஆற்றுமணல் அல்லது பூச்சுக்கான எம்-சாண்ட் மூன்று, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரில் அரைத்து, மெல்லிய பூச்சாகப் பல முறை. ஒவ்வொன்றும் ஆற நாள் கொடுக்க வேண்டும். அவசரப்பட்டுக் கனமாக ஒரே பூச்சில் முடித்தால் வலைவலையாக வெடிக்கும். மேலே பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் செய்த வேலை அத்தனையும் வீண். சுண்ணாம்பு அடிக்க வேண்டும்.

ஆத்தங்குடிக் கல் சூளையில் சுடாதது, கண்ணாடித் தகட்டின் மேல் வார்த்து நீரில் ஆற்றுவது. ஈரத்தை உறிஞ்சும். அடியில் ஈரத்தடுப்பு போட்ட உள்ளறைத் தரைக்குச் சிறப்பு, நடக்க நடக்கப் பளபளக்கும். குளியலறை, குளக்கரை, கடல்முகத் திண்ணை ஆகியவற்றுக்கு வேண்டாம். அங்கே சொரசொரப்பான கருங்கல் போடுங்கள்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் துருப்பிடிக்கிறதே?

கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது 304 ரகம். கடல்காற்றில் சில மாதத்தில் தேநீர் சிந்தியதுபோல் பழுப்புக் கறை படியும். மாலிப்டினம் சேர்ந்த 316 ரகம் வாங்குங்கள். அதையும் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். ஆணி, கீல், திருகு எல்லாம் அதே ரகமா என்று பாருங்கள். 316 கைப்பிடியை மலிவான திருகால் பொருத்தினால் திருகு முதலில் கரையும், கைப்பிடி கையோடு வரும். அலுமினியச் சட்டத்தில் ஸ்டீல் திருகு போட்டால் நடுவே நைலான் வாஷர் வையுங்கள். இரண்டு உலோகமும் உப்பு ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் அரித்துப்போகும். உள்ளே பித்தளைதான் அழகு.

ஏசியின் வெளிப்பெட்டியைக் கடல்முகத்தில் மாட்டாதீர்கள். கட்டடத்தின் மறைவில், காப்புப்பூச்சு உள்ள காயிலோடு வைத்து, கழுவக் குழாய் எட்டும்படி அமையுங்கள்.

பனை ஓலைக் கூரை போடலாமா? அடிக்கடி மாற்ற வேண்டுமே?

உணவுக்கூடத்துக்கும் முற்றத்துப் பந்தலுக்கும் தாராளமாகப் போடலாம். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வேய வேண்டும். சுவீடனின் யூக்காஸ்யார்வி பனிக்கட்டி விடுதியை 1989 குளிர்காலத்திலிருந்து ஒவ்வோர் ஆண்டும் டோர்னே ஆற்றுப் பனிக்கட்டியில் புதிதாகக் கட்டுகிறார்கள், வசந்தத்தில் உருகி ஆற்றுக்கே போகிறது. திரும்பத் திரும்பக் கட்டுவதையே பார்க்க ஆட்கள் வருகிறார்கள். ஓலை வேயும் வாரத்தை மறைக்க வேண்டாம். வேய்பவருக்கு நல்ல கூலி கொடுத்து, விருந்தினருக்குக் காட்டுங்கள்.

அறைகளுக்கு மட்டும் கான்கிரீட் தளம் அல்லது ஓடு. புயலடித்தால் விருந்தினர் ஒதுங்க உறுதியான தளமுள்ள ஒரு கூடமாவது இருக்க வேண்டும். ஜெனரேட்டரும் மின்பலகையும் தரையிலிருந்து உயர்ந்த மேடையில் இருக்கட்டும். ஓலைக்கூரையை அடுப்படிக்குப் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். கைமரத்துக்குப் பழைய வீடு பிரிக்கும் இடங்களில் வைரம் பாய்ந்த பனங்கட்டை கிடைக்கும். புதுப் பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும்.

பழைய வீடுகள்போலப் பவளக்கல்லில் சுவர் வைக்கலாமா?

கூடாது. பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. எடுப்பது, வாங்குவது, வைத்திருப்பது எல்லாம் குற்றம்.

கடலைப் பார்க்க முழுக் கண்ணாடிச் சுவர், கரை முழுக்க விளக்கு?

கண்ணாடியில் வானம் தெரிவதால் பறவைகள் மோதும். சுவீடனில் ட்ரீஹோட்டலின் நான்கு மீட்டர் கண்ணாடிப் பெட்டி அறைக்கு, பறவைகளுக்கு மட்டும் புலப்படும் படலம் ஒட்டியிருக்கிறார்கள். நமக்கு அவ்வளவு வேண்டாம். ஆழமான தாழ்வாரமும் மரச் சட்டப் பலகணியும் வெயிலையும் தடுக்கும், பறவையையும் காக்கும்.

விளக்கில் கண்டிப்பாக இருங்கள். தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமை என்கிற சிற்றாமை முட்டையிடக் கரையேறும். குஞ்சுகள் வெளிச்சம் தெரியும் பக்கம் கடல் என்று நம்பி ஊரும். வெள்ளை விளக்கு எரிந்தால் உங்கள் வாசலுக்கு வந்து வெயிலில் காய்ந்து செத்துப்போகும். கடல்முகத்தில் முழங்கால் உயரத்துக்கு மேல் விளக்கு வேண்டாம். மஞ்சள்கலந்த செந்நிற எல்.இ.டி., மேலே மூடி, ஒளி தரையில் மட்டும் விழும்படி. இருட்டில் நட்சத்திரம் தெரியும் கரை என்பதே நகரத்து விருந்தினருக்குப் பெரிய விருந்து.

கரைவலைக்காரர்கள் எங்கள் முன்னாலேயே வலை இழுக்கிறார்கள், மீன் காயப்போடுகிறார்கள். என்ன செய்வது?

அவர்கள் முன்னமே இருந்தவர்கள், கரை பொது. வேலி போட்டு வழி மறிப்பது சட்டப்படியும் தவறு. வலை இழுக்கும் இடமும் வத்தை என்னும் சிறு படகுகள் நிற்கும் இடமும் தெரிந்துகொண்டு, அதற்கு நேர் எதிரே அறைகளை வைக்காமல் வரைபடத்தைத் திருத்துங்கள். ஊர்ப் பெரியவர்களோடு அடித்தளம் தோண்டுமுன் பேசுங்கள், தோண்டிய பின் அல்ல.

மீனை அவர்களிடமே வாங்குங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை. அப்போது நாட்டுப்படகிலும் கரைவலையிலும் வருவதுதான் மீன். அதற்கேற்ப உணவுப் பட்டியலைத் தினமும் கரும்பலகையில் எழுதுங்கள். சால்மன் இறக்குமதி செய்து வைத்தால் விடுதியின் குணமே போச்சு. சீலா, விளைமீன், கணவாய், குண்டு மிளகாய் அரைத்த குழம்பு, கீழக்கரைத் தொதல், பருவத்தில் பதநீர். இவற்றுக்கு மேல் இந்தக் கரைக்கு வேறு விருந்து தேவையில்லை.

எந்த மாதம் திறப்பது? முதலில் எதைக் கவனிப்பது?

ஜனவரி நடுவில் திறந்தால் மார்ச் வரை நல்ல பருவம். ஆனால் கட்டி முடித்ததும் ஒரு கச்சான் காலத்தையும் ஓர் ஐப்பசி மழையையும் விருந்தினர் இல்லாமல் கடத்திவிடுங்கள். எந்தக் கதவு உப்பி அடைக்கவில்லை, எந்தச் சன்னலில் மழை சாய்கிறது, எந்தத் திருகு பழுத்தது என்று அந்த ஏழெட்டு மாதம் காட்டிக்கொடுக்கும்.

மதுரை விமான நிலையத்திலிருந்து ராமேஸ்வரத்துக்குச் சுமார் 170 கி.மீ., மூன்றரை மணி நேரப் பயணம். களைத்து இறங்குபவரை வரவேற்பு மேசையில் நிறுத்திப் படிவம் நீட்டாதீர்கள். கால் கழுவத் தண்ணீர், குடிக்க நுங்கோ பானகமோ, நிழலில் ஒரு திண்ணை, பிறகு அறை. கையெழுத்தைச் சாயங்காலம் வாங்கிக்கொள்ளலாம். கால் கழுவும் இடத்தின் வடிகாலில் மணல் தங்கும் தொட்டி ஒன்று கட்ட மறக்காதீர்கள். இல்லையென்றால் இரண்டே வாரத்தில் குழாய் முழுக்க மணல் அடைத்துக்கொள்ளும்.